ஐஸில் பிழைத்த கிருமி

எனக்கு எதிலும் முந்திரிக்கொட்டைத்தனம். தொண்ணூறுகளில் மைசூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், அதனால் கெட்டது நானாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் வைரஸைக் கதிர்வீச்சால் கொன்று, தடுப்பூசிக்கு ஆகுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. கதிர் வீசும் கோபால்ட் வைத்த ஈயப்பெட்டிக்குள் குழாயை இறக்கி, இத்தனை நிமிஷம் என்று விடுவோம். கதிர் வைரஸை நேராக அடிப்பது கொஞ்சம்தான். அது தண்ணீரை உடைக்கும். உடைந்த துணுக்குகள் வெறிபிடித்து அலைந்து, எதிர்ப்பட்ட வைரஸையெல்லாம் குதறிவிடும்.

முந்தின தடவை வைரஸ் தடுப்பூசிக்கு ஆகாத அளவுக்கு உருக்குலைந்துவிட்டது என்று பேராசிரியர் கடிந்துகொண்டார். இந்தத் தடவை கெடக்கூடாதே என்று குழாய்களை உறையவைத்து, ஐஸோடு இறக்கினேன். நிமிஷத்தை மாற்றவில்லை. வைரஸ் செத்ததா என்று பார்க்க, அதில் கொஞ்சத்தைக் கரு வளரும் கோழிமுட்டைகளில் ஏற்றினேன். அதன் முடிவு தெரியும்வரை பொறுத்தேனா? குழாய் கழுவும் அக்காவுக்குப் பஸ் போய்விடுமே என்று, "எல்லாம் செத்தாச்சு, கொதிக்கவைக்க வேண்டாம், சும்மா கழுவுங்கக்கா" என்றேன்.

அக்கா ராமாபுரத்துக்காரர். வீட்டில் பன்னிரண்டு கோழி. பிள்ளை பெற்று வந்திருந்த மகளுக்கு அந்த முட்டைகள்தான் சத்து.

மறுநாள் டிபன் டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. ஐஸுக்குள் அந்தத் துணுக்குகள் எப்படி அலையும்? வைரஸ் சாகாமல் இருந்தால், குழாய் கழுவிய கையோடும் சேலையோடும் அக்கா வீட்டுக் கோழிகளிடம் போய்விடுமே. டப்பாவை மூடிவைத்தேன். யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தினமும் வைரஸ் ஏற்றிய முட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அக்காவிடம் கோழிகள் சௌக்கியமா என்று விசாரித்தேன். குழம்பு வைத்துத் தரவா என்று அவர் கேலி செய்தார்.

மூன்றாம் நாள் முட்டைக்குள் ரத்தநரம்பு தெரியவில்லை. கரு செத்திருந்தது. வைரஸ் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அன்றும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், பாவி.

ஐந்தாம் நாள் அக்காவே வந்து, கோழிகள் கழுத்து கோணிக்கொண்டு விழுவதாகச் சொன்னார். வாரத்துக்குள் பன்னிரண்டும் போயின. அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"சந்தேகம் வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா, பாதியவாச்சும் பிரிச்சு வெச்சிருப்பேனே அம்மிணி."

அதற்கப்புறம் நான் எந்தக் குழாயைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டு, நேரே அடுப்புக்குப் போவார். டப்பா பிரிக்காத புதுக் குழாயைக்கூட, நான் கொடுத்தால், கொதிக்கவைத்துவிட்டுத்தான் தொட்டார்.