சித்தப்பா கொண்டுவந்த ஆன்டிவைரஸ்

சித்தப்பா இனி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டதற்குக் காரணம் நான். பழி அவர்மேல் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. தலை நரைத்து, சொந்த மகளே என்னைக் கிழவர் கணக்கில் சேர்த்துவிட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

அப்போது தலைநகரில், கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஓர் அமைச்சகத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. எந்தப் பொருளானாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, ஆகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அப்பா அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குக்கர், கொசுவலை, என் பள்ளிக்கூட ஷூ எல்லாம் அப்படித்தான் வந்தன. ஷூ முதல் மழையிலேயே வாயைப் பிளந்துவிடும்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், அதற்கு வைரஸ் வரும், ஆன்டிவைரஸ் போடாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று அலுவலகத்தில் யாரோ அப்பாவைப் பயமுறுத்திவிட்டார்கள். அவர் மூன்று கொட்டேஷன் வாங்கினார். முதலாவது நேரு பிளேஸ் கடை ஒன்றினுடையது: முத்திரை போட்ட பெட்டி, ஓராண்டுப் பாதுகாப்பு, விலையும் அதற்கேற்றபடி. இரண்டாவது கரோல் பாக் நடைபாதைக்காரருடையது: ஒரே சிடிக்குள் ஏழு ஆன்டிவைரஸ். மூன்றாவதைக் கொடுத்தவர் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கரோல் பாகில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அங்கேயே ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருந்தார். வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற ஆன்டிவைரஸ் ஒன்று இருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் இண்டர்நெட் கிடையாது. புதிய வைரஸ்களின் விவரத்தை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு ஞாயிறு விட்டு ஞாயிறு அவரே நேரில் வந்து ஏற்றிவிடுவார். ஏழு ஆன்டிவைரஸ் சிடியைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்.

“ஒரு வீட்டுக்கு ஏழு வாச்மேன் போட்டா, ஒருத்தன ஒருத்தன் திருடன்னு பிடிச்சுக்கிடுவான்ணே.”

அப்பா சாப்பாட்டு மேசையில் குழுவைக் கூட்டினார். குழு என்றால் அவரும் அம்மாவும். அம்மா நேரு பிளேஸ் பெட்டியை வாங்கச் சொன்னாள்.

“சும்மா குடுக்கான்னா சும்மாவா? வாரப்பல்லாம் சோறு போடணும்லா.”

“குடுக்காட்டாலும் சாப்பிடத்தான வாரான்” என்றார் அப்பா. ஆகக் குறைந்த விலை பூஜ்யம். விதிப்படி சித்தப்பா தேர்வானார்.

அந்த ஞாயிறுகளைப் போல எனக்கு எதுவும் பிடித்ததில்லை. சித்தப்பா சமோசாவும், இன்னொரு ஃப்ளாப்பியில் கார் பந்தய விளையாட்டும் கொண்டுவருவார். நான் ஆடி முடித்ததும் கம்ப்யூட்டர் முழுவதையும் சோதிக்கும்படி ஓடவிடுவார். அது முடிய ஒரு முழு மத்தியானம் ஆகும். அதற்குள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழ் வீட்டுக்குப் போவார். கீழே, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த நாகர்கோவில் அக்கா ஒருவர் தன் அம்மாவோடு இருந்தார். எங்கள் வீட்டுப் பானையில் இல்லாத ருசி அங்கே என்ன என்று ஒருநாள் நானும் போய்க் குடித்துப் பார்த்தேன். அதே தண்ணீர்தான்.

இரண்டு வாரம் காத்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஆன்டிவைரஸின் சின்னமாக ஒரு சிறிய கேடயம் இருக்கும். அதன்மேல் மௌஸை வைத்து அழுத்தி அணைத்துவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி விழும் என்று கண்டுபிடித்தேன். சிவப்பைக் கண்டால் அப்பா பதறிப்போய்ப் போன் செய்வார். சித்தப்பா அன்று மாலையே வந்துவிடுவார். கேடயத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு அப்பாவிடம் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “பெரிய வைரஸ்தாம்ணே, நேரமாவும்” என்பார். ஒருமுறைகூட அலுத்துக்கொண்டதில்லை. நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒருநாள் கேடயத்தை அணைத்துவிட்டு, சும்மா இருக்காமல், வகுப்புத் தோழன் கொடுத்த விளையாட்டு சிடி ஒன்றைப் போட்டேன். உண்மையான வைரஸ் வந்தது. அப்பா தனக்குத் தவறிப்போன பதவி உயர்வைக் கேட்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒற்றை விரலால் தட்டிய மனு ஒன்று உள்ளே இருந்தது. அது போய்விட்டது. சித்தப்பா வந்து இருட்டும்வரை தேடினார், கிடைக்கவில்லை.

அப்பா விசாரணை நடத்தினார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“வெளியிலேர்ந்து இதுக்குள்ள போனது ஒன் ஃப்ளாப்பி மட்டுந்தான். வைரஸையும் நீயே கொண்டாந்து, மருந்தையும் நீயே கொண்டாருத. இந்த வீட்டுக்கு வர ஒனக்கு ஒரு சாக்கு வேணும், அப்படித்தான?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். சிடி என் சட்டைக்குள் இருந்தது. நான் குனிந்துகொண்டேன். அவர், “சாக்கு வேண்டியிருந்தது நெசந்தாம்ணே” என்று சொல்லி, ஃப்ளாப்பிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். தவறு செய்த ஒப்பந்தக்காரர்களை அலுவலகத்தில் என்ன செய்வார்களோ அதையே அப்பாவும் செய்தார்: சித்தப்பாவைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார். மறுநாளே நேரு பிளேஸ் பெட்டி வந்தது. அம்மா அதைத் தூசி தட்டி வைத்தாள்.

வெறும் ஞாயிறுகள் இரண்டைத்தான் என்னால் தாங்க முடிந்தது. அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், சிடியையும் காட்டினேன். அவர் நம்பவில்லை. சித்தப்பாவைக் காப்பாற்றுவதற்காக நானே கட்டிய கதை என்று முடிவு செய்து, இந்த வயதில் இவ்வளவு விசுவாசமா என்று அம்மாவிடம் மெச்சிக்கொண்டார். அதோடு, விசாரணை முடிந்து உத்தரவும் போட்டாயிற்றாம்.

அழுதுகொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன். டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் அக்கா என்னவென்று கேட்டார். கேடயம், சிடி, மனு எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ் வந்தால்தான் சித்தப்பா வருவார், புதுப் பெட்டி வந்த பிறகு வைரஸும் வருவதில்லை என்றேன். அவர் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே வெகுநேரம் நின்றார். சாவி கையில்தான் இருந்தது.

“நம்ம வீட்டுலயும் வைரஸ் வந்திருக்குன்னு ஒன் சித்தப்பாட்ட சொல்லு மக்களே” என்றார்.

மார்க்கெட் போன் கடைக்கு ஓடினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். கேடயத்தை நான்தான் அணைக்கிறேன் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும் என்றார் சித்தப்பா. பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடித்ததுமே மறுமுனையில் போனை வைத்துவிட்டார். லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

அப்பா கறுப்புப் பட்டியலைக் கடைசிவரை திருத்தவில்லை. பிற்காலத்தில், எனக்குச் சித்தியாகிவிட்ட கீழ் வீட்டு அக்காவின் கணவர் என்ற முறையில்தான் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். மனுவை அப்பா மறுபடி தட்டவே இல்லை. பழைய பதவியிலேயே ஓய்வு பெற்றார். அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

நான் போன் செய்த அன்று மாலையே சித்தப்பா கீழ் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். புதுச் சட்டை, கையில் ஃப்ளாப்பி எதுவும் இல்லை. அவர் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டார் என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. வாசலிலேயே அவரை மறித்து, கீழ் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாதே என்று காதில் சொன்னேன்.

“தெரியும்ல” என்று சொல்லி, என் தலையைக் கலைத்துவிட்டு உள்ளே போனார். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு வைரஸ் எப்படி வந்திருக்கும் என்று நான் படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.