செல்லமுத்துவின் மூன்று சக்கர வண்டிக்குப் பெட்ரோல் லைன் போட்டது

1. டீசல் கை

பெட்ரோல் டேங்க் ஒன்று செய்து தர வேண்டும் என்று செல்லமுத்து வந்து கேட்ட அன்று, முடியாது என்றுதான் சொன்னேன். லாரியிலும் போர் போடும் ரிக் வண்டியிலும் டீசல் லைன் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். டீசல் கையில் கொட்டினால் வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பெட்ரோல் அப்படியல்ல. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கே நெருப்பு இருக்கிறது என்று தேடும். 

செல்லமுத்துவுக்குப் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை. நாலு வழிச்சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பண்ணை. அந்த ரோட்டில்தான் ஒரு விபத்தில் வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. அதன்பிறகு பண்ணைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது கூட்டிப் போக வேண்டும். பழைய பைக் இன்ஜின், சரக்கு ஆட்டோவின் பின் அச்சு, கட்டில் மாதிரி ஒரு சேஸிஸ் என்று வாசலில் உட்கார்ந்தே மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கட்டிவிட்டார். பிரேக், கிளட்ச், கியர் எல்லாம் கைக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் காரியத்துக்கு ஆள் பார்த்து வைத்திருந்தார். பெட்ரோல் லைன்தான் பாக்கி.

"ஏனுங்க மேஸ்திரி, பயமாங்க?" என்றார்.

"ஆமாங்க. பயந்தான்."

"அப்ப நீங்களே செய்யுங்க. பயப்படாதவன் ஒருத்தன் செஞ்சு குடுத்தான், அன்னைக்கே ஒழுகுச்சு."

ஆஞ்சநேயரை நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

2. வேலை

உட்கார வசதியாக சீட்டைத் தாழ்த்தியிருந்தார். சீட்டுக்கு அடியில்தான் டேங்குக்கு இடம். அது கார்புரேட்டரை விடக் கீழே. பைக்கில் போல பெட்ரோல் தானாக இறங்காது, எலக்ட்ரிக் பம்ப் வைத்து மேலே தள்ள வேண்டும். பெட்ரோல் பார்த்த டேங்கில் நான் வெல்டிங் வைக்க மாட்டேன். புதுத் தகடு வாங்கி வெட்டி, வளைத்து, பற்றவைத்து, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு மூலையில் குமிழி வந்தது. மறுபடி வைத்தேன். டேங்க், திறந்து மூடும் பெட்ரோல் காக், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் என்று வரிசை. ஹோஸ் எதுவும் சைலன்சர் பக்கம் போகவில்லை. பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் அவர் இடது கை எட்டும் இடத்தில். டேங்குக்கு ரப்பர் கேஸ்கட் போட்ட மூடி. காற்று உள்ளே போவதற்கு மூடியின் நடுவில் சின்னதாக ஒரு துளை.

வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். சொட்டு ஒழுகவில்லை. இருந்தாலும் ராத்திரி படுத்தால் பெட்ரோல் வாசனை அடிப்பது போலவே இருக்கும். எழுந்து சட்டையை மோந்து பார்ப்பேன்.

3. நடு ரோடு

வெள்ளிக்கிழமை காலை பூஜை. செல்லமுத்துவின் மனைவி பூங்கொடி தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வண்டியைச் சுற்ற வந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மிணி, சூடம் வேண்டாம். டேங்க் ரொம்பியிருக்குது."

"சூடம் காட்டாம எப்படீங்ணா வண்டி எடுக்கறது?"

"சாமிக்கு ஊட்டுக்குள்ள காட்டிட்டு வாங்க. இங்க நெருப்பு ஆகாது."

முகம் வாடிப் போனாலும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பதைப் பார்க்கப் போய்விட்டேன்.

கோயில்வரை போய்த் திரும்பி, அங்கிருந்து பண்ணைக்கு என்று கிளம்பினோம். செல்லமுத்து ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். இந்தப் பாதையைக் கடந்து, ரோட்டின் நடுத்தடுப்பில் இடைவெளி விட்ட இடத்தில் காத்திருந்து, அந்தப் பாதையில் ஏறினோம். இன்ஜின் இருமியது. ஆக்சிலேட்டரை முறுக்கினார். இன்னொரு இருமல். நின்றுவிட்டது.

சேலத்துப் பக்கமிருந்து லாரி வருவது தெரிந்தது. நான் குதித்துவிட்டேன். எனக்குக் கால் இருக்கிறது. அவரால் முடியாது. குதித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ராமா ராமா என்று சொல்லிக்கொண்டே பின்னால் தள்ளினேன். கியரில் நின்ற வண்டி நகருமா? நியூட்ரல், நியூட்ரல் என்று கத்தினேன். அவர் கை ஹேண்டில் பாரோடு ஒட்டிப்போயிருந்தது.

லாரி ஏர் ஹாரன் அடித்து, டயர் தேய்ந்து, எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, கட்டில ரோட்டுல போட்டுப் படுத்திருக்கீங்களா? ஊட்டுல எடமில்லையா?"

திட்டிக்கொண்டே இறங்கி வந்து, கியரைத் தட்டிவிட்டு, என்னோடு சேர்ந்து ஓரத்துக்குத் தள்ளினார். செல்லமுத்துவின் ஒற்றைக் காலைப் பார்த்ததும் திட்டை நிறுத்திவிட்டார். "பாத்துப் போங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. பட்டனை அழுத்தியதும் ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் ஓடியது. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நின்ற வண்டியை நம்பலாம். காரணம் சொல்லாமல் ஓடுகிற வண்டியை நம்பக்கூடாது. ஆள் பிடித்துத் தள்ளியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

4. மூடி

விஷயம் தெரிந்ததும் பூங்கொடி ஒரே வார்த்தையில் முடித்தது. "இந்த வண்டி வேண்டாங்க. பழைய இரும்புக்குப் போட்டுருங்க." செல்லமுத்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் யாராவது கூட்டிப் போகும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கப் போகிற மனிதரின் முகம் அது.

ஃபில்டரைக் கழற்றினேன், சுத்தம். பம்ப்பை ஓட்டினேன், நன்றாகத் தள்ளியது. கார்புரேட்டரில் ஒரு தூசி இல்லை. எல்லாவற்றையும் பூட்டி, மூடியைப் போட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். ரொம்ப நேரம் கழித்து, சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். டேங்க் தகடு உள்பக்கமாகக் குழிந்திருந்தது. இன்ஜின் இருமி நின்றது. மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

மூடியின் நடுவில் கட்டை விரல் கனத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. காலையிலிருந்து அந்த மூடியை நான்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பொட்டு வைத்த இடத்தை யார் கோளாறு என்று பார்ப்பார்கள்? துளை அடைபட்டதால் உள்ளே காற்றுப் போகவில்லை, பம்ப்பால் உறிஞ்ச முடியவில்லை. நான் திறக்கும்போதெல்லாம் காற்றுப் போய்ச் சரியாகிவிட்டது.

பூங்கொடி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் மறைக்க எனக்கு வழியில்லை.

"சூடம் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. மனசு கேக்கலீங்ணா. பெட்ரோல்தான பயம், அதுக்குத்தான் சாமி காவலு வேணும்னு, மூடியில தாராளமா வெச்சேனுங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. செல்லமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அழுவாத புள்ள. நீ வெச்ச சந்தனத்துல தான் லாரியும் நின்னுது."

பூங்கொடி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

5. மறுபடியும்

மூடியில் இருந்த துளையை அடைத்தேன். டேங்கின் தலையிலிருந்து தனியாக ஒரு காற்றுக் குழாய் எடுத்து, சீட்டுக்குப் பின்னால் மேலே ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். பிறகு பூங்கொடியையே சந்தனக் கிண்ணத்தோடு கூப்பிட்டு, இங்கே வைக்கலாம், இங்கே ஆகாது என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினேன்.

பேப்பர் எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் காலை செல்லமுத்து ரோட்டைக் கடக்கக் கிளம்பினார். நான் பின்னால் ஏறப் போனேன். பூங்கொடி என்னைத் தடுத்தது.

"நான் வாரேனுங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது.

ரோட்டோரம் நின்று ஆஞ்சநேயர் பெயரைச் சொல்லிக்கொண்டே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுத்தடுப்பில் நின்றது. கிளம்பியது. இருமவில்லை. எதிர்ப்பக்க மண்ணில் சக்கரம் ஏறும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயம் இருக்கட்டும், நல்லது. ஆனால் ஒருவரைப் பார்த்து ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் அன்பில் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். அன்பில் செய்ததைக் கோளாறு என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகும். அதற்குள் லாரி வந்துவிடும்.