கழற்றாத தகடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எதிர்வீட்டுக் கிழவர் ஒரு மந்திரவாதி என்று வீட்டில் போய்ச் சொன்னவள் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது என்னிடம் வலுவான ஆதாரம் இருந்தது.

ரொறொன்ரோவின் வடக்கே, பத்தர்ஸ்ட் வீதியில், ஒரு பழைய அடுக்குமாடியின் ஏழாம் மாடிக்கு நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசல் நிலையின் வலது பக்கத்தில், தோள் உயரத்தில், விரல் நீளமான ஒரு தகரக் கூடு சரிவாக அறையப்பட்டிருந்தது. நிலைக்கு அடித்த வெள்ளைப் பூச்சு அதன்மேலும் நாலைந்து தடவை ஏறியிருந்தது. முதலில் கண்டவர் மாமா. அம்மாவின் தம்பி, கட்டட வேலை செய்கிறவர், தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிறவர்.

“உது செய்வினைத் தகடு. கழட்டி எறியுங்கோ அக்கா.”

“ஆரோ வாசலுக்கெண்டு வைச்சிட்டுப் போனதை நாங்கள் கழட்டக்கூடாது,” என்றார் அம்மா.

வீட்டுக்குக் காவலாக நிலையில் தகடு வைப்பது எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கம். முன்பு இருந்தவர்களும் எங்களுடைய ஆட்கள்தான் என்று அம்மா தானாகவே முடிவுகட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தக் கூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் ஏறின. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை.

எதிர்வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். நான் கதிரையில் ஏறிநின்று கதவுத் துவாரத்தால் பார்ப்பேன். வெளியே போகும்போதெல்லாம் அவர் எங்கள் வாசலுக்கு வந்து, அந்தக் கூட்டைத் தொட்டு, தன் விரல்களை முத்தமிட்டுவிட்டுப் போவார். இதுதான் என்னுடைய ஆதாரம். மாமா ஒருநாள் கதவுக்குப் பின்னால் பதுங்கிநின்று படாரென்று திறந்தார். கிழவர் குங்குமம் ஒட்டிய விரலோடு திகைத்து நின்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. மொழிபெயர்ப்பு என் வேலை. கிழவர் யூதர். கூட்டின் பெயர் மெசூசா. உள்ளே அவர்களுடைய வேத வசனம் எழுதிய தோற்சுருள் இருக்கிறது. எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் அவருடைய நண்பர். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை, கூட்டைக் கழற்றவும் யாரும் வரவில்லை. அது ஆட்டுத்தோல் என்று கேட்டதும் மாமா அம்மாவைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாத அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“மிருதங்கமும் தோல்தானே,” என்றுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

மந்திரவாதி அங்கிள் ஆனார். கண்ணாடிக் குவளையில் பால் விடாத பிளேன்ரீ குடிக்க அடிக்கடி வருவார். தமிழருக்கென்று நாடு கேட்டு நடந்த ஊர்வலம் ஒன்றையும் தவறவிடாத மாமாவுக்கு அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“உங்களுக்கெண்டு ஒரு நாடு கிடைச்சிட்டுதே. ஏன் அங்கை போகேல்லை எண்டு கேள் பிள்ளை.”

கேட்டேன். தன் அக்கா போனாள் என்றார் அங்கிள். போக்கிடமே இல்லாமல் போனவள், இன்றுவரை அந்த நாட்டைப் பற்றி ஒரு குறை சொல்ல விடமாட்டாள். ஆனால் அவளுக்குக் கொடுத்த வீட்டின் சமையலறைச் சுவரில், முன்பிருந்த அரபுக் குடும்பம் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருந்தன. வீடு முழுக்க வெள்ளையடித்தும் அந்தச் சுவரை மட்டும் அக்கா தொடவேயில்லை. நான் சொல்லி முடித்ததும் மாமா எழுந்துபோய் அங்கிளின் குவளையைத் தானே நிரப்பிக்கொண்டு வந்தார். அதை நான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை எங்கள் மாடி முழுவதிலும் மெசூசாக்கள் பிடுங்கப்பட்டிருந்தன. லிஃப்டுக்குள் யூதர்களைப் பழித்து ஏதோ கீறியிருந்தார்கள். அங்கிளுடையது படிக்கட்டில் மிதிபட்டுக் கிடந்தது. தப்பியது எங்களுடையது மட்டும்தான். சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு நின்றதை அவர்கள் இனம்காணவில்லை. பக்கத்து நகரமான விட்பியிலிருந்து அங்கிளின் மகன் வெறும் பெட்டிகளோடு வந்து இறங்கினான். அங்கிளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று விளங்கியதும் எனக்கு அழுகை வந்தது.

அங்கிள் எங்கள் வாசலில் வந்து நின்றார். வீட்டில் குழந்தை இருக்கிறது, இதையும் கழற்றிவிடுங்கள் என்றார். சின்ன வயதில் ஐரோப்பாவில், யூத வீடு என்று தெரியக்கூடாதென்று அவருடைய அப்பாவும் கழற்றினாராம். கழற்றிய இடத்தில் நிறம் மங்காமல் நீளமாக ஒரு தடம் இருந்தது. யூதர்களைத் தேடி வந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“கழட்டியும் வந்தவங்கள்தானே? பிறகென்னத்துக்குக் கழட்டுறது? நான் கழட்டமாட்டன். அங்கிளையும் திருப்பிப் பூட்டச் சொல்லு.”

சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு எங்கள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண் நிறையத் தண்ணீர் இருந்தது. மகன் பெட்டிகளை வெறுமையாகவே திரும்பக் காரில் ஏற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை புதிய மெசூசா வந்தது. ட்ரில்லோடு போன மாமா, மட்டம் பார்க்கும் லெவலை வைத்துப் பார்த்து, அதை நேராகத்தான் பூட்டுவேன் என்று அடம்பிடித்தார். சரிவாகத்தான் இருக்க வேண்டும் என்றார் அங்கிள். நிமிர்த்தி வைப்பதா படுக்க வைப்பதா என்று அந்தக் காலத்து யூத வேத அறிஞர்கள் இரண்டு கட்சியாய் வாதாடி, கடைசியில் இருவருமே கொஞ்சம் விட்டுக்கொடுத்த சரிவாம் அது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நெருங்க, அங்கிள் பணிவாகப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அம்மா அங்கே ஒரு பொட்டு வைத்தார். அங்கிள் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் அதை அழிக்கவில்லை.

அம்மா அன்று கழற்ற மறுத்தது பாதி பக்தியால் என்றும், பாதி பிடிவாதத்தால் என்றும் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இருபது வயதில் அவரோடு யாழ்ப்பாணம் போனேன். அங்கே எங்கள் பழைய வீட்டில், எங்கோ தங்கள் வீட்டை இழந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அம்மா படலையைத் திறந்தார். ஓடிவந்த பெண்ணையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை, நேரே வாசல் நிலைக்கு மேலே பார்த்தார். போரில் வீட்டை விட்டு ஓடியபோது கழற்ற நேரமில்லாமல் விட்டுவந்த செப்புத்தகடு அங்கேயே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அதில் வைத்திருந்த சந்தனம் இன்னும் காயவில்லை.