புளியங்கொட்டை ஓட்டு

புதுப்புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புளிப்பு வாசம் என்னைச் சங்கரன்கோவிலுக்கு, ஆறாம் வகுப்புக்கே கொண்டுபோய்விட்டது.

லீடரைத் தேர்ந்தெடுக்க டீச்சர் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து பிடித்தவர் பெயர் ஒட்டிய டப்பாவில் போடச் சொன்னார். பெரிய வீட்டுத் துரையைவிட, ஆட்டுக்கிடை போடுகிறவர் மகளான எனக்கே அதிகம் விழுந்தது.

அப்போது உள்ளே வந்த ஹெட்மாஸ்டர் முகம் சுளித்தார். “ஆடு மேய்க்கிறவன் மவ லீடரா? துரையவே போடுங்க டீச்சர்.”

டீச்சர் தயங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

துரை எழுந்தான். “நான் தோத்துட்டேன் சார். அவதான் லீடரு.”

“உக்காருலே!”

அவன் உட்காரவில்லை. ஒவ்வொருவராக வகுப்பே எழுந்து நின்றது. ஹெட்மாஸ்டர் வெளியே போய்விட்டார்.

மறுநாள் அவர் உள்ளே வந்ததும், “கிளாஸ், ஸ்டாண்ட்!” என்றேன். எல்லாரும் எழுந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். “எல்லாத்தையும் உக்காரச் சொல்லு, லீடரம்மா.”