நேரில் வர அனுமதி

இனி வீடியோவிலேயே கோர்ட்டில் ஆஜராகலாம் என்று உத்தரவு வந்த அன்று ஆபீசில் எனக்கு மாலை போடாத குறைதான். "மெயின்லேண்ட் போற தொல்லை விட்டுச்சு மேடம், நிம்மதியா இருங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். நானும் சிரித்து வைத்தேன்.

கதை ஒன்றும் பெரிதில்லை. பள்ளிக்கூட லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டில் தன் ஊருக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. குழந்தை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று அங்கேயே வழக்கும் போட்டுவிட்டார். அப்போது அவளுக்கு ஆறு வயது. இங்கே தீவில், ஜங்லிகாட்டில் பிறந்தவள், ஒரே மூச்சில் தமிழும் இந்தியும் பேசுகிறவள். எனக்கு இங்கே அரசு வேலை. அதை விட்டால் குழந்தையை எதை வைத்துக் காப்பாற்றுவாய் என்பார்கள், விடாவிட்டால் குழந்தையைவிட வேலைதான் பெரிதா என்பார்கள். இரண்டையும் கேட்டுவிட்டார்கள்.

முதலில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போனேன். பெரும்பாலும் கப்பல்தான். குமட்டலோடு சென்னை போய்ச் சேர்ந்து, பஸ் பிடித்து, கசங்கிய சேலையோடு கோர்ட் வராந்தாவில் நிற்பேன். பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்து வக்கீல் ஏதாவது காரணம் சொல்வார். மறுபடி வாய்தா. இதற்காகவா நாக்குத் தள்ள வந்தோம் என்று இருக்கும்.

ஆனால் அதன்பிறகு ஒரு மணி நேரம் மகள் என்னிடம் இருப்பாள். இந்த மாதிரி வழக்குகளில் அது வழக்கம்தான். தாய் ஆஜராகும் நாளில் கோர்ட் வளாகத்திலேயே குழந்தையைப் பார்க்கலாம் என்று உத்தரவு இருந்தது. சக்கரம் போன பொம்மைக் காரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் உள்ள ஓர் அறை. முதல் பத்து நிமிஷம் விறைப்பாக இருப்பாள். பிறகு மடியில் ஏறிவிடுவாள். நேரம் முடிந்தது என்று சொல்ல வரும் அம்மாளை நான் மனசுக்குள் திட்டாத நாளில்லை.

வீடியோ கேட்டு மனுப் போடலாம் என்று என் வக்கீல் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தீவுக்காரர்களுக்குக் கடலைத் தாண்டுவது ஒன்றுதான் கஷ்டமாகத் தெரியும். அதைத் தாண்டிப் போய் என்ன பெற்றுக்கொண்டு வந்தோம் என்று எனக்கு நினைப்பே வரவில்லை.

இங்கே கோர்ட்டில் அதற்கென்று ஓர் அறை. அபர்டீன் பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போவேன். "பைட்டியே மேடம், லிங்க் ஆயேகா" என்று உட்காரச் சொல்வார் அங்கிருந்த ஊழியர். திரையில் லிங்க்கும் வரும். குறை சொல்லக் கூடாது, வழக்கு வேகமாகத்தான் நகர்ந்தது. சாட்சி சொன்னேன், குறுக்கு விசாரணை முடிந்தது, மத்தியானம் ஆபீசுக்குத் திரும்பி ஃபைல் பார்த்தேன்.

மகளை மட்டும் காணோம். கேட்டபோது அந்தப் பக்கத்து வக்கீல் பணிவாகவே சொன்னார், "தாய் கோர்ட்டுக்கு வர்ற நாள்ல காட்டணும்னுதான் உத்தரவு, யுவர் ஆனர். அவங்க வர்றதில்லையே."

"இத நாம யோசிக்கலையே மேடம். வீடியோன்னு உத்தரவு வாங்கிட்டோம், இனி நேர்ல வரணும்னா மறுபடி அனுமதி கேக்கணும்" என்றார் என் வக்கீல் போனில். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாய்தாவுக்குக் குழந்தையைக் கேமரா முன்னால் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. அது டிசம்பர். எங்கள் வழக்கைக் கடைசியாகத்தான் எடுத்தார்கள், மணி ஐந்தாகிவிட்டது. திரையில் மகள் வந்து உட்கார்ந்தாள். பல் ஒன்று விழுந்திருந்தது.

"சாப்டியா?" என்றேன்.

"சாப்டேன்." என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா அங்க ராத்திரியா இருக்கு?"

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவளை அந்த இருட்டில் தினமும் கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்தவள் நான். அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. இந்த வழக்கில் யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள், எதற்கும் அழாதவள் அதற்கு அழுதேன். அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற கோர்ட் அம்மாளிடம் "போகலாமா?" என்று கேட்டாள்.

"ஐயா, எனக்கு இந்த வீடியோ வேண்டாம். முன்ன மாதிரி நேர்ல வர அனுமதி குடுங்க" என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானேம்மா கேட்டீங்க? வேணும்னா வாராவாரம் இதுலயே பேச ஏற்பாடு பண்றேன். எதுக்குக் கப்பல்ல கஷ்டப்படணும்?"

அவ்வளவு கனிவாக என்னிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது. அதனாலேயே மறுப்பது சிரமமாக இருந்தது.

"அதுவும் இருக்கட்டும்யா. ஆனா அவள நான் தொட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது."

அவர் ஏதோ எழுதினார். அடுத்த வாய்தாவுக்குத் தாய் நேரில் ஆஜராகலாம், குழந்தையையும் கூட்டிவர வேண்டும் என்று படித்தார்கள். மறுபடி டிக்கெட், மறுபடி லீவுக்குக் கெஞ்சல், மறுபடி அந்த வராந்தா. நினைக்கும்போதே உடம்பு வலித்தது.

நாற்காலியை விட்டு இறங்கிய மகள் திரும்பிக் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள். திரை முழுக்க அவள் நெற்றிதான் தெரிந்தது.

"அப்ப நெஜமா வருவியா?"

"வருவேன்டா" என்றேன். அந்தப் பக்கம் என் குரலை அதற்குள் அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "என்ன? என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரிதாகத் தலையை ஆட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் திரையில் அடுத்த வழக்கின் எண் வந்துவிட்டது.