ருசி பார்க்க ஆளில்லாத ஈஸ்டர் பிஸ்கட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கிள்ளானிலுள்ள எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நடந்தது இது. நான் இந்துக் குடும்பத்திலிருந்து கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போனவள். உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டு என் மாமியார் ஒவ்வோர் ஈஸ்டருக்கும் பிஸ்கட் சுடுவார். இரவுப் பூசை முடிந்ததும் தேவாலயத்தில் எல்லாருக்கும் கொடுப்பார். அந்த வருடம் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார்.

"கடையில ஆர்டர் பண்ணிடலாம் லா. நம்ம வீட்டுப் பழக்கம் அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்திருந்த நாத்தனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நானே செய்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் பிஸ்கட் சுட்டதே இல்லை என்பது வேறு கதை!

மாவு பிசைந்து, வட்டமாக வெட்டி, முதல் தட்டை ஓவனில் தள்ளிய பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. பட்டை, கிராம்பை அரைத்தேனே, அதே பிளெண்டரில்தான் காலையில் ஆட்டுக்கறிக்குக் காய்ந்த மிளகாய் அரைத்திருந்தேன். துடைத்தேன், கழுவவில்லை. ஐயையோ!

ஒன்றைக் கடித்தால் தெரிந்துவிடும். ஆனால் தவக்காலம் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் இனிப்பைத் தொடுவதில்லை. "உனக்குத்தான் தவக்காலம் இல்லியே, நீ தின்னு பாரேன்" என்றார் நாத்தனார்.

"தவக்காலம் ஆரம்பிச்ச சாம்பல் புதன்லேர்ந்து நானும்தான் இருக்கேன் அண்ணி."

மாமியார் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்பியில் சீனி போடாமல் குடித்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவைக் கேட்கலாமென்றால், அது அவர்களுக்கு நோன்பு மாதம்! "ஏழரை வாக்கில நோன்பு திறப்பாங்க, நமக்குப் பூசை எட்டரைக்கு. அவங்களே சொல்லட்டும்" என்றார் மாமியார். அந்த வீட்டுக்கும் ஒரு டப்பா போகும் என்பதால் உலர்ந்த திராட்சையை மதுவில் போடாமல் எப்போதும் ஆரஞ்சுச் சாற்றில்தான் ஊற வைப்பார். "சரியில்லன்னா போற வழியில கடையில வாங்கிடுவோம்" என்று நாத்தனார் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் தட்டோடு வேலியோரம் போய் நின்றேன். அக்கா பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பிஸ்கட்டைக் கடித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"சேடாப்!" என்று கத்தினாரே பார்க்கணும்! ரொம்ப ருசியாம். கடைசியில் நாக்கில் லேசாக ஒரு காரம் வருகிறதே, அதுதான் பிரமாதமாம். என்ன போட்டாய் என்று மலாயில் துளைத்து எடுத்தார். நான் சொல்லவே இல்லை!

நாத்தனார் சாவியைக் கீழே வைத்தார். பூசை முடிந்து, கொண்டுபோன டப்பாக்கள் எல்லாம் மளமளவென்று காலியாயின. "என் மருமக சுட்டது, என் மருமக சுட்டது" என்று மாமியார் கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாத்தனார்கூட டிஷ்யூவில் நாலைந்து சுற்றிப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன். டப்பாவின் அடியில் கிடந்த உடைந்த துண்டுதான் எனக்குக் கிடைத்தது. அத்தனை நாள் கழித்து வாயில் பட்ட முதல் இனிப்பு, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இந்த வீட்டுக்கு எப்போது வந்தாய் என்று இன்று யார் கேட்டாலும் கல்யாணத் தேதியைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மனசுக்குள் நான் எண்ணுவது என்னவோ அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான்.