சம்பந்தி ருக்குமணி தைத்த மோதிரப் போர்வை

ருக்குமணி அம்மாள் காலமான செய்தியை எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்தான் சொன்னார்.

"ஆன்டி, ராமகிருஷ்ணநகர் ருக்குமணி ஆன்டி போயிட்டாங்களாமே."

"எங்க, ஹனூருக்கா?" என்று கேட்டேன். அங்கே அவருடைய தம்பி இருக்கிறார்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தார். "இல்ல ஆன்டி. காலைல. நாற்காலில உட்கார்ந்தபடியேவாம்."

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்கு இரண்டும் ஓடின. கொக்கி நான்கு பாக்கி இருந்தது. வைத்து முடித்து, நூலைக் கடித்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். கை இடுக்கில் ஸ்வல்ப பிடித்தால் கொண்டுவாருங்கள், தளர்த்தித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் போன பிறகு மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அன்றைக்கு அதற்கு எண்ணெயே தேவைப்படவில்லை.

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிரபுவும் ருக்குமணி அம்மாளின் மகள் சௌமியாவும் மூன்று வருடம் கணவன் மனைவியாக இருந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே மைசூர் கோர்ட்டில் பிரிந்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. நான் போனால் என்ன உறவென்று போவது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் முதலில் பேசிக்கொண்டதே துணியைப் பற்றித்தான். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் ருக்குமணி அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீர் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நான் காபியெல்லாம் போட்டு வைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஒன்றோடொன்று கோர்த்த வளையங்கள், தாள் முழுக்க.

"ஏனுங் சம்பந்தி, உங்க தையக்கடையில வெட்டி மிஞ்சின ரவிக்கைத் துணி இருக்குதுங்களா? புதுத்துணியா இருக்கோணும். கல்யாண மோதிரப் போர்வைன்னு வெளிநாட்டுல தைக்கிறாங்க. போன்ல பாத்தனுங்க."

"நமக்கு மோதிரமா முக்கியம்? தாலியில்லைங்களா?" என்றேன்.

"தாலி ஒருத்தருக்குத்தானுங்க. மோதிரம் ரெண்டு பேரும் போடறதுங்க."

இரண்டு மூட்டை வெட்டுத்துணியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். துணி தருகிறவள் தைக்காமல் இருப்பேனா, நானும் மாட்டிக்கொண்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ருக்குமணி அம்மாள் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் ட்ரேஸராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொறியாளர்கள் போட்ட கோட்டை ஒரு மயிரிழை பிசகாமல் மெல்லிய தாளில் படியெடுப்பது அவர் வேலை. சௌமியா கல்லூரியில் படிக்கும்போதே கணவரை இழந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் பிடித்த பிடியை விடவும் மாட்டார். நானோ அளவு நாடாவையே பாதி நேரம் கழுத்தில் போட்டுக்கொண்டு கண் மட்டத்தில் வெட்டுகிறவள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போர்வை தைத்தோம் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

தைக்கும் முறை இதுதான். வளையத்தின் ஒரு வளைவைத் தாளில் வரைந்து, சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒன்று, இரண்டு என்று எண் போட வேண்டும். துணித்துண்டைத் தாளின் பின்பக்கம் வைத்து, கோட்டின் மேல் தாளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு துணியைத் திருப்பி மடித்து, அடுத்த துண்டு. தையல் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். தபால்தலையின் ஓரத்தில் ஓட்டை இருக்குமே, அந்த மாதிரி. எல்லாம் இணைத்து முடிந்த பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் எடுத்தால் துணி இழுபட்டு வளையம் கோணிவிடும்.

ஜெராக்ஸ் எடுத்தால் வேலை சுலபம் என்றேன். "ஜெராக்ஸ்ல ஒரு நூல் மாறுமுங்க," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வளைவையும் பட்டர் பேப்பரில் கையாலேயே வரைந்தார். எனக்கு இந்தப் பின்பக்க வேலை பிடிபடவே இல்லை. முன்னால் கோடு, பின்னால் துணி. முதல் பன்னிரண்டு வளைவில் நிறங்களை அடியிலிருந்து நுனிவரை தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"முதல் கோணல் முற்றும் கோணல்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்," என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"கோணல் இல்லீங்க சம்பந்தி. கோடு நேராத்தான் இருக்குது. நிறந்தானே, எதிர்ப்பக்கம் நானும் தலகீழா வெச்சுக்கறனுங்க. சோடி சேந்துரும்."

தாம் தைத்திருந்த பன்னிரண்டையும் அவர் பிரித்துத் திரும்பத் தைத்தார். அந்த நெருக்கத் தையலைப் பிரிப்பது எவ்வளவு கொடுமை என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். என்னுடையதைப் பிரிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்யாணத்துக்குள் போர்வை முடியவில்லை. முதல் கல்யாண நாளுக்குள்ளும் முடியவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குள் பேச்சு குறைந்தது. இரண்டுமே நல்ல பிள்ளைகள்தான், மூன்றாம் மனிதர் குற்றமும் கிடையாது. ஒரு கூரைக்குக் கீழ் ஆகவில்லை, அவ்வளவுதான். அப்போது எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. உறவுக்காரர்கள் இரண்டு பக்கமும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் மகனை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் என் காதுக்கு வந்தது. நான் ருக்குமணி அம்மாள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன்.

கோர்ட்டில் கடைசி நாள். தாழ்வாரத்தில் இந்தப் பக்க பெஞ்சில் நாங்கள், அந்தப் பக்க பெஞ்சில் அவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ருக்குமணி அம்மாள் எழுந்து, எல்லோரும் பார்க்க, நேராக என்னிடம் நடந்து வந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினார்.

"சம்பந்தி, இதுல ஆறு வளைவு இருக்குதுங்க. நம்பர் போட்டுட்டேன். நாலாவது கட்டத்துல மட்டும் அகலம் ஸ்வல்ப ஜாஸ்தி, பாத்துத் தைங்க."

எங்கள் வக்கீல் அதை ஏதோ கோர்ட்டுக் காகிதம் என்று நினைத்து வாங்கிப் பிரித்தே பார்த்துவிட்டார். எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. உறையை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன்.

"இனி யாருக்குங்க போர்வை?" என்று கேட்டேன்.

மேஜை மேல் புதிய வரைபடம் ஒன்று விரித்திருந்தது. இரட்டைக் கட்டில் போர்வையை நடுவில் பிரித்து இரண்டு ஒற்றைக் கட்டில் போர்வையாக வரைந்திருந்தார்.

"ஒண்ணு உங்க பையனுக்கு, ஒண்ணு எம்பொண்ணுக்கு. குளிரு ரெண்டு பேருக்கும்தானுங்களே." பிறகு பென்சிலால் நடுக்கோட்டைக் காட்டினார். "இங்க மட்டும் வேல இருக்குதுங்க. பக்கத்துப் பக்கத்து வளையம் ரெண்டுக்கும் நடுவுல ஒரே துண்டுதான். பொதுவுல இருக்கறது. பிரிச்சா ஒரு பக்கம் அது இல்லாம போயிரும். அந்தத் துண்டப் புதுசாத் தைக்கோணும். அதத்தான் உங்ககிட்டக் கேக்கறேன். எந்த வளையத்தயும் வெட்ட வேண்டாமுங்க சம்பந்தி, கணக்குப் போட்டுட்டேன்."

"இன்னும் என்னங்க சம்பந்தின்னு கூப்பிடறீங்க? அந்த உறவுதான் முடிஞ்சு போச்சே," என்றேன்.

"தீர்ப்ப ரெண்டு தடவ படிச்சனுங்க. அதுல உங்க பேரும் இல்ல, எம்பேரும் இல்ல."

அதற்கப்புறம் இரண்டு வருடம், வியாழக்கிழமை தோறும் போனேன். மகனிடம் ராகவேந்திரர் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று அவன் நண்பர்களிடம் சொன்னானாம். சௌமியா அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பாள். நாங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசமாட்டோம். நான் மெஷினில், அவர் இஸ்திரிப் பெட்டியில். பதினொரு மணிக்கு ஒரு காபி. அவர் போடும் காபி சுமார்தான். நான் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சொல்லாமல் விட்டது வேறொன்றும் உண்டு. அவர் வாய் நிறைய என்னைச் சம்பந்தி என்று அழைத்தார், வாசலில், தெருவில், காய்கறிக்காரர் முன்னால்கூட. நான் திருப்பி அழைத்ததில்லை. "இங்க பாருங்க" என்பேன். "ஏங்க" என்பேன். என் மகனை அவர்கள் பக்கத்து ஆட்கள் பேசிய பேச்சு என் தொண்டையில் முள்ளாக நின்றது. அவர் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவரே கேட்டார். "நீங்க என்னயக் கூப்பிடவே மாட்டீங்கறீங்களே."

"இப்பத்தான கூப்பிட்டேன்."

"'இங்க பாருங்க'ன்னீங்க. அதா எம்பேரு?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். நூல் மாற்றிக்கொண்டு அடுத்த வளைவை எடுத்தேன். போன வியாழக்கிழமைகூட அப்படித்தான் விடைபெற்றேன்: "வரேங்க."

சாவு வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தபோது மதியமாகிவிட்டது. மகனுக்குப் போன் செய்து, கோவில் கதை முழுவதையும் சொன்னேன். "நான் உள்ள வந்தா நல்லாருக்காதும்மா. உன்னைக் கொண்டுபோய் விடறேன்," என்றான். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு பருத்திச் சேலை வாங்கினேன். எங்கள் பக்கத்தில் இறந்தவர் மேல் பிறந்த வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் புதுத்துணி போர்த்துவார்கள். கோடி போடுவது என்பது அதுதான். போட எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியாமலே வாங்கினேன். யாரும் பார்க்காதபடி கைப்பையில் அடியில் வைத்துக்கொண்டேன். தெருமுனையில் மகன் இறக்கிவிட்டான்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் வாசலில் செருப்புகளுக்கு அருகில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. மனம் மரத்துப் போயிருந்தது. எத்தனை ஜோடி செருப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியாது. அவருடைய கணவரின் அண்ணன்தான் முறைகளைச் சொல்லி நடத்தினார், வயதானவர், காது மந்தம்.

"பொறந்த ஊட்டுக் கோடி," என்றார். ஹனூர்த் தம்பி வந்து போர்த்தினார்.

"சம்பந்தி ஊட்டுக் கோடி," என்றார் அடுத்தபடியாக, பழக்கத்தில். யாரோ அவர் கையை அழுத்தினார்கள். பெரியவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "ஓ, அது... அது இல்லீங்களே. செரி, செரி, மத்தவங்க வாங்க," என்று தடுமாறினார். சிலர் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒதுங்கினேன்.

சௌமியா தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் நாங்கள் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"இருக்காங்க பெரியப்பா," என்றாள். "எனக்குத்தான் அந்த உறவு இல்ல. அம்மாவோட சம்பந்தி வந்திருக்காங்க. வழி விடுங்க."

வழி விட்டார்கள். சேலையை எடுத்து விரித்தேன். முகம் தெரியும்படி கழுத்துவரை போர்த்தி, மடிப்பை நீவிவிட்டேன். முகத்துக்கு அருகில் குனிந்தேன். இத்தனை பேர் நடுவில் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன், ஆனால் கூடம் முழுவதும் கேட்டிருக்கிறது.

"சம்பந்தி," என்றேன். "சம்பந்தி, நான் வந்துட்டனுங்க."

கூப்பிட்டால் உடனே "சொல்லுங்க" என்பவர் அவர். அன்றைக்குச் சொல்லவில்லை.

போய் வாருங்கள், சம்பந்தி. உங்கள் மகளின் போர்வைக்கு இன்னும் நான்கு வளைவு பாக்கி இருக்கிறது.